நாலாவது துண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலில் மெஷினை மாட்டியாயிற்று. என்னைக் கேட்டா மாட்டினார்கள்? டாக்டர் முகைதீன் வந்தார், குனிந்து பார்த்தார், "புண்ணு உள்ள குடைஞ்சு போயிருக்கும்மா, மெஷின் வச்சு இழுப்போம்" என்றார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் என்ன கிணறா, மோட்டார் வைத்து இழுக்க?

வந்த கதையைச் சொன்னால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் கிடந்த பலகையில் ஆணி. மிதித்தேன். சர்க்கரைக்காரியின் காலுக்கு ஆணியும் தெரியாது, அனலும் தெரியாது. பன்னிரண்டு நாள் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது? சத்துணவு அமைப்பாளர் நான் ஒருத்திதானே. பதின்மூன்றாம் நாள் குதிகால் கறுத்துவிட்டது. போன வாரம் அழுகியதை வெட்டி எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "மூணு வாரம் பாப்போம். சதை வளந்துச்சுன்னா காலு ஒங்களுக்கு. வளரலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்."

மெஷினை மாட்டியது ஜெபமணி சிஸ்டர். நாற்பத்தைந்து வயதிருக்கும், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போல ஒரு முகம். கறுப்பு ஸ்பாஞ்சைக் கத்தரித்துப் புண்ணுக்குள் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாயைச் செருகி, குழாயின் மறுமுனையை ஒரு டப்பாவில் மாட்டினாள். மெஷின் உறிஞ்சியதும் ஸ்பாஞ்ச் சப்பென்று சுருங்கியது. பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள், பாடம்.

"மெஷின் எப்பவும் ஓடணும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது. பீப் அடிச்சா என்னைக் கூப்பிடுங்க, நீங்களா எந்தப் பட்டனையும் அமுக்காதீங்க. டியூப்பு மேல காலைப் போட்டுப் படுக்காதீங்க. டியூப்புல செக்கச்செவேல்னு ரத்தம் ஓடுச்சுன்னா மெஷின நிறுத்திட்டுக் கத்துங்க."

தாளின் மேல் மார்க்கரால் தேதியும் '2' என்றும் எழுதினாள். அது என்ன என்று கேட்டேன்.

"உள்ள வச்ச ஸ்பாஞ்ச் ரெண்டு. பிரிக்கும்போது ரெண்டும் வெளிய வரணும். ஒண்ணு தங்கிட்டா அதைச் சுத்திச் சதை மூடிரும். உள்ளுக்குள்ளயே அழுகும்."

"எனக்கும் எண்ணத் தெரியும் சிஸ்டர். இருபத்தாறு வருசமா முட்டை எண்ணுதேன்."

"எண்ணுறது என் வேல" என்றாள். திமிரைப் பாருங்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பீப். பீப். பீப். சனியன்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்று எனக்கு நடந்த அவமானத்தை எழுதாமல் போனால் சோறு இறங்காது.

என் நாத்தனார் குடும்பத்தோடு பார்க்க வந்தாள். அவள் யார் தெரியுமா, என் கல்யாணத்தன்றைக்கே என் காதில் கிடந்த தோட்டை உரசிப் பார்த்தவள். அவள் முன்னால் இந்த டப்பாவை எப்படி வைத்திருப்பது? சீழும் ரத்தமும் கலந்து கலங்கல் தண்ணீராக ஒழுகிக் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி மெஷினை நிறுத்தி, துண்டைச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளச் சொன்னேன். அவர் பெயர் சங்கரபாண்டி. நான் சொன்னதைத் தட்டமாட்டார், அது ஒன்றுதான் அவரிடம் உருப்படி.

வந்தவள் பத்து நிமிடத்தில் போவாள் என்று பார்த்தால், தான் வாங்கி வந்த ஆரஞ்சைத் தானே உரித்துத் தின்றுகொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஜெபமணி வந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"எப்ப நிறுத்தினீங்க?"

இவர் உடனே, "ஒரு பதினோரு மணி இருக்கும்" என்று உளறிவிட்டார்.

"மூணு மணி நேரம்! உறிஞ்சாம உள்ள ஸ்பாஞ்ச் கிடந்தா கிருமி ஊறாதா? நீங்க அமைப்பாளர்தான? ஊசிப்போன சோத்தைப் பிள்ளைகளுக்குப் போடுவீங்களா?"

நாத்தனார் முன்னால்! அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு மொத்தத்தையும் பிரித்து, கழுவி, புதிதாக வைத்தாள். உயிர் போய்விட்டு வந்தது. ஜெபமணியை நான் சும்மா விடப் போவதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இவர் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார். பேட்டரியில் ஓடி ஓடிக் களைத்துப் போய் அது கத்தியதும்தான் தெரிந்தது. நல்லவேளை, வந்தது ஜெபமணி இல்லை, அனுசியா. சின்ன வயசு நர்ஸ், போன வருடம்தான் படிப்பை முடித்ததாம், ஒப்பந்த வேலை. "பரவால்லம்மா, பத்து நிமிசந்தான் நின்னுருக்கு" என்று சொல்லி மாட்டிவிட்டாள். தங்கமான பிள்ளை. திட்டத் தெரியாதவள்.

இன்று பிரித்துப் பார்த்த டாக்டர், "செவப்பாத்தான் வருது. காலு தப்பிச்சிரும் போலிருக்கே" என்றார். ஓரத்தில் மட்டும் ஒரு பொந்து உள்ளே போகிறதாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெபமணி லீவு, புதன்கிழமைதான் வருகிறாள். வார்டே மூச்சு விட்டது. இன்று மருந்து கட்டியது அனுசியா.

பொந்துக்கு ஒரு சின்னத் துண்டு, நடுவில் பெரியது, மேலே ஒன்று. மூன்று. தாளை ஒட்டினாள், மார்க்கரால் '3' என்று எழுதினாள், கேஸ் ஷீட்டிலும் எழுதிவிட்டு, "முடிஞ்சிட்டும்மா" என்றாள்.

மூன்றா? எங்கள் வீட்டில் தட்டில் மூன்று இட்லி வைத்தது கிடையாது. வைக்க வேண்டி வந்தால் ஒன்றைப் பிட்டு நாலாக்கிவிடுவோம். பள்ளிக்கூடத்தில்கூட எந்தப் பிள்ளைக்கும் மூன்று கரண்டி ஊற்றமாட்டேன். ஊற்றினால் அரைக் கரண்டி சேர்த்து ஊற்றுவேன். கால் நிற்குமா போகுமா என்று கிடக்கிறவளின் உடம்புக்குள் மூன்று வைப்பார்களா?

"ஏட்டி, இன்னொண்ணு வையி."

"அதெல்லாம் பாக்கக் கூடாதும்மா."

"ஒனக்கென்ன, ஒங்காலா? இன்னொரு சின்னத் துண்டு. பொந்துலயே செருகிவிடு. எனக்கு மனசு கேக்காதுட்டி."

அழுதும் விட்டேன். பாவம், அவள் தாளின் ஓரத்தைப் பிரித்து, சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துண்டைக் கத்தரித்துப் பொந்துக்குள் தள்ளி, மறுபடி ஒட்டினாள். பிறகு கேஸ் ஷீட்டை எடுத்து மூன்றை அடிக்கப் போனாள். நான்தான் கையைப் பிடித்தேன்.

"அடிக்காத. ரிஜிஸ்டர்ல ஒரு அடித்தல் திருத்தல் இருந்தா என்ன பாடு தெரியுமா? எனக்கு ஒரு தடவ ஒரு முட்டைக் கணக்கை அடிச்சு எழுதுனதுக்கு மெமோ வந்துச்சு. அதுவும் அந்த ஜெபமணி கண்ணுல பட்டா ஒன்னைய வறுத்துருவா. வாயால சொல்லிக்கிட்டாப் போதும்."

"சரிம்மா. அக்கா வந்ததும் நானே சொல்லிருதேன்" என்றாள். தாளில் இருந்த மூன்றும் அப்படியே இருந்தது. இப்போது மனசு நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

அனுசியாவைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானம் ஓடி வந்தாள். "புதன்கிழமை நான் இந்தப் பக்கம் வர முடியுமான்னு தெரியலம்மா. கேஸ் ஷீட்ல ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிரட்டா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, நீ போ. நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

மதியம் வெண்டைக்காய்க் குழம்பு கொடுத்தார்கள். கழுநீரில் கொஞ்சம் புளியைக் கரைத்துவிட்டு அதற்குப் பெயர் குழம்பாம். என் சமையற்கட்டில் இதை வைத்திருந்தால் வைத்தவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

ஆகஸ்ட் 13, புதன்

ஜெபமணி வந்தாள். வந்ததும் வராததுமாக, "டியூப்ப காலுக்கடியில வச்சுப் படுத்திருக்கீங்க! எத்தன தடவ சொல்லுதது? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஒரு தடவ சொன்னா புரியும்" என்று ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாளைப் பிரித்தாள். தாளில் எழுதியிருந்ததைப் பார்த்தாள், கேஸ் ஷீட்டைப் பார்த்தாள், ஸ்பாஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தாள். வலியென்றால் வலி. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். எத்தனை எடுத்தாள், எப்படி எடுத்தாள் என்று நான் என்னத்தைக் கண்டேன்? எண்ணுவது அவள் வேலை என்று அவளே சொன்னாள். "மூணு. சரி" என்றாள். கழுவினாள். புதிதாக இரண்டு வைத்தாள், போனாள்.

நாத்தனார் போன் செய்து விசாரித்தாள். கால் இருக்கிறதா என்று கேட்கிற தோரணையே சரியில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் கொடி ஏற்றினார்கள். எல்லோருக்கும் லட்டு, எனக்கு இரண்டு பிஸ்கட். காலையில் இருந்தே உடம்பு கணகணவென்று இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

காய்ச்சல் நூற்றிரண்டு. கட்டைப் பிரித்தபோது எனக்கே வாடை அடித்தது. இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் கூட இருந்த மனுஷன்! பக்கத்துக் கட்டில்காரி திரையை இழுத்து மூடிக்கொண்டாள். டப்பாவில் வருவது பச்சைக் குழம்பாக இருக்கிறது. சுகர் முந்நூற்றுப் பத்து.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். பொந்தின் வாய் மூடிக்கொண்டு வருகிறதாம், உள்ளேயிருந்து சீழ் வருகிறதாம். எலும்புக்குப் போயிருக்குமோ என்று சந்தேகப்படுகிறார். மெஷினை நிறுத்திவிட்டு வெறும் துணிக்கட்டுப் போடச் சொன்னார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யாரையும் பிடிக்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டரைப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு நாள் மஞ்சள் போட்ட என் புத்தியைப் பிடிக்கவில்லை. பலகையை அங்கே போட்டவன் கை விளங்காமல் போக. எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஜெபமணி. அவள் கை பட்டபிறகுதான் எல்லாம் கெட்டது. அவள் மேல் புகார் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"அவுக என்னளா செஞ்சாவ?" என்று கேட்டார்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் எல்லாரும் என்னைத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு ஓரம் சரியில்லாத மாதிரி இருக்கு. காய்ச்சலும் எறங்கல. இனிமே காத்திருந்தா உயிருக்கு ஆபத்தும்மா. காலை புதன்கிழமை எடுத்துருவோம்" என்றார்.

"எக்ஸ்ரேயில வேற எதுவும் தெரியலையா டாக்டர்? உள்ள ஏதாவது?" என்று கேட்டேன்.

"உள்ள என்ன இருக்கப்போகுது? ஆணி எதுவும் இல்ல."

"ஸ்பாஞ்ச் மாதிரி ஏதாவது இருந்தா தெரியுமா?"

"ஸ்பாஞ்ச் எக்ஸ்ரேயில தெரியாதும்மா. ஏன் கேக்கீங்க? எல்லாத்தையும் எண்ணித்தான எடுத்திருக்கோம்."

சும்மா கேட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சம்மதக் கடிதத்தை ஜெபமணிதான் கொண்டுவந்தாள். "என் வலது காலை முழங்காலுக்குக் கீழ் அகற்ற முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." எந்த மடையன் எழுதினான் அந்த 'முழு மனதுடன்' என்பதை? இவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

ஜெபமணி வழக்கம் போல விறைப்பாக நிற்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பதினைந்து நாளில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நல்லா வந்துக்கிட்டிருந்த புண்ணும்மா இது. என் கையில இப்படி ஆனதே இல்ல. எங்க தப்பு நடந்துச்சுன்னு ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கேன், பிடிபடல."

பேனா என் கையில் இருந்தது. அவள் அப்படிச் சொல்லாமல் இரண்டு வசவு வைதிருந்தால் நான் பாட்டுக்குப் போட்டுக் கொடுத்திருப்பேன், கையெழுத்தை.

"நாலு" என்றேன்.

"என்ன நாலு?"

"ஞாயித்துக்கெழம வச்ச ஸ்பாஞ்ச். மூணு இல்ல, நாலு. மூணு ஆகாதுன்னு நாந்தான் சொன்னேன். பொந்துக்குள்ள ஒரு சின்னத் துண்டு. அடிச்சு எழுதாதன்னு சொன்னதும் நாந்தான்."

அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியாது. எழுந்து நின்றாள்.

"நான் மூணுன்னு எண்ணும்போது சொல்ல வேண்டியதுதான?"

"நான் வலியில அரை மயக்கமாக் கெடந்தேன் சிஸ்டர். காதுல விழல."

"ஒரு வார்த்தைம்மா! ஒரே ஒரு வார்த்தை! ஒரு காலு போக இருந்துச்சே, அறிவிருக்கா ஒங்களுக்கு?" என்று வார்டு அதிரக் கத்தினாள். கத்திக்கொண்டே கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று வாசலிலேயே கிடந்தது. அவள் திரும்பி வந்து எடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் என்னைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கால் இருக்கிறது. நேற்றுக் கண் திறந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். ஐந்து விரலும் இருக்கின்றன. கட்டை விரலை ஆட்டினேன், ஆடியது. மருந்து நாற்றத்தோடு கூடிய அந்த வீங்கின அசிங்கமான காலைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே கறுப்பாக, சுண்டுவிரல் அளவுக்கு. "பொந்துக்கு உள்ள, சதைக்குள்ள பொதைஞ்சு கெடந்துச்சு. எலும்பு மேலாகத்தான் கெட்டிருக்கு, சொரண்டிட்டேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தா நான் காலை எடுத்திருப்பேன்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காய்ச்சல் தொண்ணூற்றொன்பது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அனுசியாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம்.

அட்டெண்டர் சொல்லித்தான் தெரிந்தது. ஸ்பாஞ்ச் வைத்ததைப் பதிவு செய்யவில்லை, அடுத்து வந்த நர்ஸிடம் சொல்லவில்லை, ஒப்பந்தம் ரத்து. இவரைச் சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லி ஆபீஸ் அறைக்கே போனேன். நிர்வாகி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான்தான் நாற்காலியிலேயே வந்திருக்கிறேனே, அதைக்கூடப் பார்க்காத ஆள்.

"அந்தப் பிள்ளை வேண்டாம் வேண்டாம்னு சொல்லுச்சு. வச்சது என் பிடிவாதம். எழுதவிடாம தடுத்தது நான். சொல்லுதேன்னு பொறுப்பெடுத்துக்கிட்டதும் நான். ஏன் அவளை அனுப்புனீங்க?"

"நீங்க எதுக்கும்மா கவலப்படுதீங்க? ஒங்க மேல ஒரு தப்பும் இல்லன்னுதான் ரிப்போர்ட்டே எழுதியிருக்கோம். படிச்சுக் காட்டவா?" என்று கேட்டுவிட்டுப் படித்தார். "ஸ்பாஞ்ச் அகற்றப்பட்டபோது நோயாளி வலியால் அரை மயக்க நிலையில் இருந்ததால், எண்ணிக்கை தவறியதை அறிய வாய்ப்பில்லை."

என் வார்த்தையை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள்! வெள்ளைத்தாள் கேட்டேன். என் கையால் எழுதினேன். நான்காவது துண்டை வைக்கச் சொன்னது நான் என்று எழுதினேன். திருத்த வேண்டாம் என்றது நான் என்று எழுதினேன். கடைசியில், "13ஆம் தேதி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. முழு நினைவோடு இருந்தேன். மூன்று என்று எண்ணியது என் காதில் நன்றாக விழுந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்தார். "இதெல்லாம் வேண்டாம்மா. காலு பொழச்சுதுல்ல, போயி ரெஸ்ட் எடுங்க" என்று தாளைத் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை. மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன். அவர் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். திரும்ப எழுதுவேன். எனக்கென்ன, படுத்துக் கிடப்பவளுக்கு வேறு வேலையா இருக்கிறது?

ஆகஸ்ட் 23, சனி

ஜெபமணி கட்டு மாற்றினாள். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கிறாள், முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"முழிச்சுத்தான் இருந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

காலை வலிக்காமல் தூக்கி, வலிக்காமல் கழுவி, வலிக்காமல் கட்டினாள். திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அட்டெண்டரிடம் கெஞ்சி அனுசியாவின் நம்பரை வாங்கினேன். காலை பத்து மணிக்கு இவர் போனிலிருந்து போட்டேன். நான்தான் என்று சொன்னேன். என்னை வாய்க்கு வந்தபடி வையப் போகிறாள், வைதால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தேன்.

"காலு இருக்காம்மா?" என்றாள்.

"இருக்குட்டி."

"ரெண்டும்?"

"ரெண்டும் இருக்கு."

அவள் அழுதாள். ஒரு வேலையைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அவள் என் காலைக் கேட்கிறாள். இவளிடமும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அனுசியா, நான் மயக்கத்துலலாம் கெடக்கலட்டி. ஜெபமணி மூணுன்னு எண்ணுனது எனக்குக் கேட்டுச்சு. நாலாவது உள்ள இருக்குன்னு எனக்கு அந்த நிமிசமே தெரியும்."

அழுகை நின்றது.

"பிறகு ஏம்மா சொல்லல? ஒங்க காலு இல்லையா அது?"

வலி என்று சொல்லலாம், உனக்காகத்தான் பயந்தேன் என்றும் சொல்லலாம். நம்பியும் விடுவாள், அப்படிப்பட்ட பிள்ளை.

"அவ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளன்னு என்னைய ஏசிட்டா. சொன்னா அவ சொன்னது சரின்னு ஆயிருமேன்னுதான்ட்டி சொல்லல" என்றேன்.

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சரிம்மா, வைக்கேன்" என்றாள், வைத்துவிட்டாள்.